ஓப்பநாயக்க கோச்சியும் வழியில் தொலையும் செய்திகளும்

நீளமான பதிவு இது. தேநீர் ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

எமது ஊருக்கு ஒரு காலத்தில் கோச்சி வந்தது என்று வகுப்பில் சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்புவதில்லை. களனிவெளிப் பாதை என்று நாம் இன்று சொல்வது கொழும்பிலிருந்து அவிசாவளையோடு முடிந்துவிடுகிறது. அன்று அது அவிசாவளையில் இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளை யட்டியாந்தோட்டைக்குப் போனது. மற்றக் கிளை 1912இல் இரத்தினபுரியை எட்டி, பின்னர் இன்னும் நீண்டு ஓப்பநாயக்கவில் வந்து நின்றது. கடைசி ஸ்டேஷன் எமது ஊர்தான். தண்டவாளத்தின் அகலம் 2 அடி 6 அங்குலம் மட்டுமே. தேயிலையும் இறப்பரும் கொழும்புத் துறைமுகத்துக்கு இறங்குவதற்காகத் துரைமார் கேட்டு வாங்கிய பாதை அது. யட்டியாந்தோட்டைத் துண்டு இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே போய்விட்டது. எங்கள் துண்டு 1976 வரை தாக்குப்பிடித்தது. இப்போது வயதானவர்களின் பேச்சில் "கோச்சி ரோட்" மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இந்தப் பாதையின் வரலாற்றை எழுத வரவில்லை. அதைத் தெரிந்த மூத்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள், அவர்கள்தான் எழுத வேண்டும். நான் எழுத வந்தது அந்தப் பாதை எழுப்பும் ஒரு கேள்வியைப் பற்றி. அது ஒற்றைத் தண்டவாளம். மேலே வரும் கோச்சிக்கும் கீழே போகும் கோச்சிக்கும் ஒரே வழி. இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே மலை, வளைவு, காடு. ஒரு ஸ்டேஷன் மாஸ்டருக்கு மற்ற ஸ்டேஷன் கண்ணுக்குத் தெரியாது. அங்கிருந்து ஒன்று புறப்பட்டுவிட்டதா இல்லையா என்று இவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்தது சரிதான் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகள் வலையமைப்பு, நடப்பொழுங்கு என்று மனப்பாடம் செய்வதன் அடியில் இருப்பதும் இதே கேள்விதான். வெவ்வேறு இடங்களில் இருக்கும் இயந்திரங்கள், ஒன்றுக்கு மற்றது தெரியாமல், செய்தி அனுப்பி மட்டுமே ஒத்துழைக்க வேண்டும். இதற்குப் "பரம்பல் முறைமை" என்று பெயர். வங்கி அட்டை, கையடக்கத் தொலைபேசி, வட்ஸ்அப் எல்லாம் இந்த வகைதான். இப்படிப்பட்ட ஒன்றைக் கட்டுவதற்கு முன்பே, அது பிழைக்குமா என்று காகிதத்தில் எழுதிப் பார்ப்பதற்கென்று சில மொழிகள் உண்டு. மாதிரியுரு மொழிகள் என்று சொல்லலாம். அவற்றின் கதை உண்மையில் கணினியில் தொடங்கவில்லை. கோச்சிப் பாதையில்தான் தொடங்குகிறது என்பது என் கருத்து.

1874 செப்டெம்பர் 10. இங்கிலாந்தில் நோர்விச் நகருக்குப் பக்கத்தில் தோர்ப் என்ற இடம். ஒற்றைப் பாதை. லண்டனிலிருந்து வந்து யார்மத் நகருக்குப் போகும் விரைவு வண்டி அன்று தாமதம். எதிர்ப்பக்கத்தில் பிரண்டல் ஸ்டேஷனில் தபால் வண்டி காத்துக்கொண்டு நிற்கிறது. வழமையாக விரைவு வண்டி போன பிறகுதான் தபால் வண்டி வரும். தாமதம் காரணமாக, தபால் வண்டியை முதலில் வரச் சொல்லலாமா என்று நோர்விச்சில் இருந்த இன்ஸ்பெக்டர் யோசித்தார். தந்தி எழுத்தரிடம் செய்தியைச் சொன்னார். கையெழுத்துப் போடவில்லை. கையெழுத்து இல்லாமல் செய்தி போகக்கூடாது என்பது சட்டம். ஆனால் எழுத்தர் அனுப்பிவிட்டார். கையெழுத்துப் போடாததால் செய்தி போகவில்லை என்ற எண்ணத்தில், தாமதமாக வந்து சேர்ந்த விரைவு வண்டியும் அனுப்பப்பட்டது. பிறகு விடயம் தெரிந்து, முதல் செய்தியை இரத்துச் செய்யத் தந்தி அடித்தார்கள். தபால் வண்டி புறப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது.

அந்தப் பதில் வந்த நேரத்திலிருந்து மோதும் வரை சில நிமிடங்கள். இரண்டு பக்கத்துக்கும் தெரியும், ஆனால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. நடுவில் ஓடும் வண்டிக்குச் செய்தி சொல்ல வழியில்லை. 25 பேர் இறந்தார்கள்.

இதை ஒரு கணக்காகப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறேன். மூன்று கேள்விகளை எழுதுங்கள். செய்தி போனதா? விரைவு வண்டி போனதா? தபால் வண்டி போனதா? ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை. எல்லாமாக 8 நிலைமைகள். செய்தி கிடைக்காமல் தபால் வண்டி அசையாது என்பதால் 2 நிலைமைகள் அடிபட்டுப் போகும். மிச்சம் 6. "எல்லாம் இல்லை" என்பதிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு அடியாக எங்கெங்கே போகலாம் என்று அம்புக்குறி போட்டால் ஆறுக்கும் போக முடிகிறது. அந்த ஆறில் ஒன்று, மூன்றுக்கும் "ஆம்". அதுதான் 25 ஜனாஸாக்கள். அங்கே போய்ச் சேர மூன்று அடி போதும்.

இப்போது ஒரு விதியைச் சேருங்கள்: செய்தி போயிருந்தால் விரைவு வண்டி போகக்கூடாது, விரைவு வண்டி போயிருந்தால் செய்தி போகக்கூடாது. மறுபடியும் அம்புக்குறி போட்டால் 4 நிலைமைகளுக்கு மட்டுமே போக முடியும். மோதும் நிலைமை அந்த நான்கில் இல்லை. அதாவது, ஒரு கொப்பித் தாளில், ஒரு வண்டியையும் ஓட்டிப் பார்க்காமல், விபத்து நடக்காது என்று நிரூபித்துவிட்டோம். பிள்ளைகளின் கண் விரியும் இடம் இது.

ஆனால் கவனியுங்கள். நோர்விச்சில் அந்த விதி இருக்கத்தான் செய்தது. கையெழுத்து என்பதே அந்த விதிதான். இன்ஸ்பெக்டரின் தலைக்குள் "செய்தி போகவில்லை", எழுத்தரின் தலைக்குள் "போய்விட்டது". ஒரே கட்டடத்துக்குள் இருந்த இரண்டு பேருக்கு ஒரே விடயத்தில் இரண்டு உண்மைகள். பரம்பல் முறைமைகளின் தலைவலி முழுவதும் இதுதான்.

இந்த விபத்துக்குப் பிறகு எட்வர்ட் டையர் என்பவர் 1878இல் ஒரு பெட்டியைக் கண்டுபிடித்தார். இரண்டு ஸ்டேஷன்களிலும் ஒவ்வொரு பெட்டி, நடுவே மின்கம்பி. பெட்டிக்குள் வட்டமான தகடுகள். அதுதான் டெப்லட். ஒரு ஸ்டேஷனில் தகடு ஒன்றை வெளியே எடுக்க வேண்டுமானால் மற்ற ஸ்டேஷனில் இருப்பவர் தன் பெட்டியின் பொத்தானை அழுத்த வேண்டும். ஒன்று வெளியே வந்துவிட்டால், அது மீண்டும் இந்தப் பெட்டியிலோ அந்தப் பெட்டியிலோ போடப்படும் வரை, இரண்டு பக்கத்திலும் இன்னொன்று வெளியே வராது. தகடு கையில் இல்லாமல் சாரதி அந்தத் துண்டுக்குள் நுழையக்கூடாது. நானுஓயா பக்கம் கோச்சியில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், பெரிய வளையத்தோடு ஒரு பையை ஸ்டேஷனில் நிற்பவர் நீட்ட, ஓடும் வண்டியிலிருந்து கையை விட்டுப் பிடிப்பார்கள். சுற்றுலாப் பயணிகள் வீடியோ எடுப்பார்கள். அந்தப் பைக்குள் இருப்பது டையரின் தகடுதான். 19ஆம் நூற்றாண்டின் தொழில்நுட்பம் மலைநாட்டில் இன்றும் உயிர் காக்கிறது.

நான் இதைப் பழைய காலத்துப் பொருள் என்று கேலி செய்பவர்களோடு வாதிடுவதுண்டு. அதன் அழகு இதுதான்: "போயிற்றா, போகவில்லையா" என்ற செய்தியை அது ஒரு பொருளாக்கிவிட்டது. சொல்லை இரண்டு பேர் வேறு வேறு விதமாக நம்பலாம். தகடு ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்காது.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. 1921 ஜனவரி 26, வேல்ஸில் அபர்மியூல் ஸ்டேஷன். டெப்லட் பெட்டிகள் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தன. மொன்ட்கொமரி பக்கத்திலிருந்து வந்த வண்டி தன் தகட்டைக் கொடுத்தது. அதைப் பெட்டியில் போட்டு, அடுத்த துண்டுக்கான தகட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும். ஸ்டேஷனில் கைமாறி, மாறி, கடைசியில் அதே பழைய தகடே அதே வண்டியின் கையில் திரும்பக் கொடுக்கப்பட்டது. சாரதியும் அதில் பொறித்திருந்த ஊர்ப் பெயரை வாசித்துப் பார்க்கவில்லை. வண்டி புறப்பட்டது. எதிரே நியூடவுன் பக்கத்திலிருந்து சரியான தகட்டோடு விரைவு வண்டி வந்துகொண்டிருந்தது. 17 பேர் இறந்தார்கள்.

பெட்டியில் பிழை இல்லை. பெட்டிக்கும் வண்டிக்கும் நடுவே மனிதக் கைகள் இருந்தன, அவை அந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. எந்த மாதிரியுருவைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது, எதை இதற்கு வெளியே விட்டிருக்கிறார்கள் என்று.

இனிக் கணினிக் காலத்துக்கு வருவோம். ஜெர்மனியில் கார்ல் அடம் பெட்ரி என்பவர் 1962இல் தன் ஆய்வுக்குக் கலாநிதிப் பட்டம் பெற்றார். தலைப்பு, இயந்திரங்களோடு தொடர்பாடல் பற்றியது. அதிலிருந்து வளர்ந்த படமுறைக்குத்தான் இன்று பெட்ரி வலை என்று பெயர். வட்டங்கள், குறுக்குக் கோடுகள், வட்டத்துக்குள் புள்ளிகள். அவ்வளவுதான். வட்டம் ஒரு நிலைமை. கோடு ஒரு நிகழ்வு. நிகழ்வு நடக்க வேண்டுமானால் அதற்கு முன்னால் உள்ள வட்டங்களில் புள்ளி இருக்க வேண்டும். நடந்ததும் அந்தப் புள்ளிகள் மறைந்து, பின்னால் உள்ள வட்டங்களில் தோன்றும். அந்தப் புள்ளிக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர் "டோக்கன்". கோச்சிச் சாரதியின் தகட்டுக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான்.

அம்பேவளைக்கும் பட்டிப்பொளைக்கும் நடுவே உள்ள ஒற்றைப் பாதையை வரைந்து பார்ப்போம். மூன்று வட்டம் போடுங்கள். முதலாவது "தகடு பெட்டியில்". இரண்டாவது "அம்பேவளையிலிருந்து போன கோச்சி நடுவில்". மூன்றாவது "பட்டிப்பொளையிலிருந்து வந்த கோச்சி நடுவில்". ஆரம்பத்தில் முதல் வட்டத்தில் ஒரு புள்ளி. அம்பேவளையிலிருந்து புறப்படுவது என்ற நிகழ்வு முதல் வட்டத்தின் புள்ளியை எடுத்து இரண்டாவதில் வைக்கும். போய்ச் சேர்ந்ததும் திரும்ப முதலாவதுக்கு வரும். மறுபக்கமும் அப்படியே. எந்த நிகழ்வு நடந்தாலும் ஒரு புள்ளி போய் ஒரு புள்ளி வருகிறது. ஆகவே மூன்று வட்டங்களின் கூட்டுத்தொகை எப்போதும் 1. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் ஒரே நேரத்தில் புள்ளி இருக்க வேண்டுமானால் கூட்டுத்தொகை 2 ஆக வேண்டும். அது நடக்காது. நூறு வருடம் ஓடினாலும் நடக்காது. நிலைமைகளை ஒவ்வொன்றாக எண்ணக்கூடத் தேவையில்லாத நிரூபணம் இது. தரம் 6 பிள்ளைக்கும் விளங்கும்.

இந்தத் துறையில் தமிழ்ப் பெயர் ஒன்றும் இருக்கிறது. பி.எஸ். தியாகராஜன். பெட்ரி பணியாற்றிய ஜெர்மன் ஆய்வு நிறுவனத்தில் வேலை செய்து, வலைக் கோட்பாட்டின் அடிப்படைக் கட்டுரைகளில் பங்கெடுத்து, பின்னர் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அதை வளர்த்தவர். சென்னையில் இன்றும் கணிதவியல் ஆய்வு நிறுவனங்களில் இந்த வகை ஆராய்ச்சி நடக்கிறது. எமது பிள்ளைகளுக்குக் கணினி என்றால் மொபைல் அப்ளிகேஷன் செய்வது என்ற எண்ணம் மட்டும்தான் இருக்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம், எமது மொழி பேசும் ஊரில், பென்சிலும் தாளுமாக இதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது.

தொலைபேசிக் கம்பனிகள்தான் இந்த மொழிகளை முதலில் வேலைக்கு எடுத்தன. 1976இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பு எஸ்.டி.எல். என்ற வரைபட மொழியை வெளியிட்டது. ஒரு எக்ஸ்சேஞ்ச் எந்த நிலைமையில் இருக்கிறது, எந்தச் சமிக்ஞை வந்தால் எங்கே மாறும் என்று பெட்டி பெட்டியாக வரைவது. பிற்காலத்தில் கையடக்கத் தொலைபேசிகளின் தரநிலைகளில் பல பகுதிகள் இதிலேயே வரையப்பட்டன.

வரைவது வேறு, வரைந்ததைச் சரிபார்ப்பது வேறு. மேலே 6 நிலைமைகளைக் கையால் பார்த்தோம். ஆம்-இல்லைக் கேள்விகள் 10 ஆனால் 1,024 நிலைமைகள். 20 ஆனால் பத்து இலட்சத்துக்கு மேல். 30 ஆனால் நூறு கோடிக்கு மேல். மனிதரால் முடியாது. 1981, 1982 ஆண்டுகளில் அமெரிக்காவில் கிளார்க், எமர்சன் ஆகியோரும், பிரான்சில் கெய், சிஃபாகிஸ் ஆகியோரும், தனித்தனியாக, இதைக் கணினியே செய்யும் வழியைக் கண்டுபிடித்தார்கள். கிளார்க், எமர்சன், சிஃபாகிஸ் மூவருக்கும் 2007ஆம் ஆண்டுக்கான டியூரிங் விருது கிடைத்தது. பெல் ஆய்வுகூடத்தில் ஜெரார்ட் ஹோல்ஸ்மன் இதற்காக "புரொமேலா" என்ற மொழியையும் "ஸ்பின்" என்ற கருவியையும் செய்தார். ஒவ்வொரு பாத்திரமும் என்ன செய்யும் என்று புரொமேலாவில் எழுதிக் கொடுத்தால், நடக்கக்கூடிய எல்லா ஒழுங்குகளையும் ஸ்பின் தேடிப் பார்க்கும். பிழை இருந்தால், "இந்த இந்த அடிகளில் போனால் இங்கே மாட்டிக்கொள்வாய்" என்று படியாகக் காட்டும்.

இது எவ்வளவு தேவை என்பதற்கு 1990 ஜனவரி 15ஐச் சொல்வார்கள். அமெரிக்காவின் ஏ.டி. அன்ட் டி. நீண்டதூரத் தொலைபேசி வலையமைப்பு ஏறக்குறைய 9 மணி நேரம் தள்ளாடியது. ஒரு எக்ஸ்சேஞ்சுக்குச் சிறு கோளாறு. அது தன்னைச் சரிசெய்துகொண்டு, "நான் திரும்ப வந்துவிட்டேன்" என்று பக்கத்து எக்ஸ்சேஞ்சுகளுக்குச் செய்தி அனுப்பியது. அடுத்தடுத்து இரண்டு செய்தி குறுகிய நேரத்துக்குள் வந்தால் பக்கத்து எக்ஸ்சேஞ்ச் குழம்பி விழும்படி மென்பொருளில் ஒரு வரி பிழையாக இருந்தது. அது விழுந்து எழுந்து, அதுவும் "நான் வந்துவிட்டேன்" என்றது. அடுத்தது விழுந்தது. 114 எக்ஸ்சேஞ்சுகள் இப்படி ஒன்றை ஒன்று விழுத்திக்கொண்டிருந்தன. நல்ல செய்தியே நோயைப் பரப்பியது.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்த கதை. 1978இல் நீதம், ஷ்ரோடர் என்ற இருவர், வலையமைப்பில் இரண்டு பேர் ஒருவரையொருவர் "நீதானா?" என்று உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு நடப்பொழுங்கை எழுதினார்கள். ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். அறிஞர்கள் வாசித்தார்கள், படிப்பித்தார்கள். 17 வருடம் கழித்து, 1995இல் கவின் லோ என்பவர் அதில் ஓட்டையைக் கண்டுபிடித்தார். நடுவில் நிற்கும் ஒருவன் இரண்டு பக்கமும் பேசி, ஒருவரை மற்றவர் போலக் காட்டிக்கொள்ள முடியும். பிறகு மாதிரியுரு மொழியில் எழுதிக் கருவியிடம் கொடுத்தும் காட்டினார், கருவியே அந்தத் தாக்குதலைக் கண்டுபிடித்துத் தந்தது. மூன்றே மூன்று செய்திகள் கொண்ட உரையாடலில் 17 வருடம் ஒளிந்திருந்த பிழை. "சின்ன விடயம் சேர், இதில் என்ன பிழை வரப்போகிறது" என்று சொல்லும் மாணவனுக்கு இதைத்தான் சொல்கிறேன்.

நாசா 1998இல் ஏவிய டீப் ஸ்பேஸ் 1 விண்கலத்தின் மென்பொருளின் ஒரு பகுதியை முன்கூட்டியே ஸ்பின்னில் சோதித்துப் பிழைகளைப் பிடித்தார்கள். சோதிக்காத வேறு பகுதியில் அதே வகைப் பிழை ஒன்று இருந்தது. 1999 மே மாதம் விண்வெளியில் அது வெளிப்பட்டது, இரண்டு பகுதிகள் ஒன்றுக்கொன்று காத்துக்கொண்டு அப்படியே நின்றன. அபர்மியூல் போலத்தான். கணக்கில் சேர்க்காத இடம் பழிவாங்கியது.

இவ்வளவு பேசிவிட்டு லெஸ்லி லம்போர்ட்டைச் சொல்லாமல் விட முடியாது. 1985இல் அவரும் மணி சாண்டியும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். சாண்டி கேரளத்துக் கோட்டயத்தில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். கேள்வி இது: பல இடத்தில் பரந்து, இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு முறைமையை, நிறுத்தாமல், முழுதாக ஒரு படம் பிடிப்பது எப்படி? வானம் முழுக்கப் பறவைக் கூட்டம் பறக்கிறது, ஒரு கமராவுக்குள் அடங்காது, பல பேர் பல துண்டாக எடுத்து ஒட்ட வேண்டும் என்று அவர்களே உவமை சொல்கிறார்கள். சாண்டி பின்னர் ஜெயதேவ் மிஸ்ராவோடு சேர்ந்து 1988இல் "யூனிட்டி" என்ற மாதிரியுரு மொழியையும் தந்தார். லம்போர்ட்டின் மொழி டீ.எல்.ஏ. பிளஸ். அவருக்கு 2013ஆம் ஆண்டுக்கான டியூரிங் விருது.

அதே 1985இல் இன்னொரு முடிவும் நிரூபிக்கப்பட்டது. ஃபிஷர், லிஞ்ச், பற்றர்சன் என்ற மூவர் செய்தது. செய்தி எவ்வளவு நேரத்தில் வரும் என்று எல்லை இல்லாத இடத்தில், ஒருவர் இடையில் நின்றுபோகக்கூடும் என்றால், எல்லோரும் ஒரு முடிவுக்கு நிச்சயமாக வந்துவிடுவார்கள் என்று உறுதி தரும் வழிமுறை எதுவும் கிடையாது. காரணம் எங்களுக்குப் பழக்கமானது. தாமதமாக வரும் செய்தியையும் வரவே போகாத செய்தியையும் காத்திருப்பவரால் பிரித்தறிய முடியாது. ரமழான் 29ஆம் நாள் இரவு கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் பிறைக் கூட்டம் கூடியிருக்க, நாங்கள் வானொலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். எல்லா ஊரிலிருந்தும் தகவல் வந்து முடிந்தது என்று எந்தக் கணத்தில் சொல்வது? எங்கோ ஒரு கிராமத்தில் ஒருவர் பிறையைக் கண்டு, தொலைபேசி கிடைக்காமல் நிற்கலாம். ஆகவே ஒரு நேர எல்லை வைத்து முடிவெடுத்தே ஆக வேண்டியிருக்கிறது. கணினிகளும் அதைத்தான் செய்கின்றன, நேர எல்லை வைக்கின்றன. முடிவு தாமதிக்கும்போது உலமாக்களைக் குறை சொல்லிப் பதிவு போடும் தம்பிமார் இந்தக் கணிதத்தையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

பெரிய கம்பனிகள் இந்த மொழிகளை நீண்ட காலம் கண்டுகொள்ளவில்லை. அமேசன் பொறியியலாளர்கள் 2011இலிருந்து டீ.எல்.ஏ. பிளஸைப் பயன்படுத்தத் தொடங்கி, 2015இல் தங்கள் அனுபவத்தை எழுதினார்கள். அவர்களது தரவுத்தளம் ஒன்றில் கருவி கண்டுபிடித்த ஒரு பிழை வெளிப்பட, ஆகக் குறைந்தது 35 அடிகள் ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில் நடக்க வேண்டியிருந்தது. எந்தப் பரிசோதகர் உட்கார்ந்து 35 அடியை யோசிப்பார்? இன்னொரு பக்கம், மைக்ரோசொஃப்டில் "பீ" என்ற மொழி 2013இல் வெளியானது. அதைச் செய்தவர்களில் ஒருவர் சென்னை கிண்டியில் படித்த ஸ்ரீராம் ராஜமணி. விண்டோஸ் 8இல் யூ.எஸ்.பி. பகுதியை எழுத அது பயன்பட்டது. நாம் பென் டிரைவைச் செருகி இழுக்கும் ஒவ்வொரு தடவையும், எந்த நேரத்திலும் இழுக்கப்படலாம் என்பதை முன்கூட்டி யோசித்த ஒரு மாதிரியுரு அதன் பின்னால் இருக்கிறது.

இதெல்லாம் எமக்கு எதற்கு என்று கேட்பீர்கள்.

2004 டிசம்பர் 26. கரையோரப் பாதையில் மாத்தறை நோக்கிப் போன கோச்சி. கடல் வந்துவிட்டது என்ற செய்தி மருதானைக்குக் கிடைத்ததும் எட்டு வண்டிகளை நிறுத்தினார்கள். இந்த வண்டிக்குச் செய்தி சொல்ல முடியவில்லை. அம்பலாங்கொடை ஸ்டேஷனுக்கு அழைத்தார்கள். அங்கிருந்தவர்கள் எல்லோரும் அதே வண்டியை அனுப்பும் வேலையில் வெளியே நின்றதால் தொலைபேசியை எடுக்க ஆளில்லை. எடுத்தபோது வண்டி போய்விட்டிருந்தது. பெரேலியவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். 1874இல் பிரண்டலிலிருந்து வந்த பதிலும் இதுதான். 130 வருடம் கழித்தும் அதே பதில்.

எமது மாவட்டத்துக்குக் கடல் வராது. மலை வரும். 2003 மே, 2017 மே இரண்டையும் இரத்தினபுரியில் யாரும் மறக்கவில்லை. 2016 மே மாதம் கேகாலைப் பக்கம் அரநாயக்கவில் மலை சரிந்து ஊரை மூடியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மழையளவு பார்த்துத் தருகிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் தயார் நிலை, 150 தாண்டினால் வெளியேறு. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. அந்தப் பட்டியலில் ஓப்பநாயக்க என்ற பெயர் எத்தனை தடவை வந்திருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

மழைமானியிலிருந்து செய்தி கொழும்பு போய், மாவட்டம் வந்து, பிரதேச செயலகம் வந்து, கிராம உத்தியோகத்தரிடம் வந்து, பள்ளிவாசல் ஒலிபெருக்கிக்கும் விகாரைக்கும் கோயிலுக்கும் தோட்ட உத்தியோகத்தருக்கும் பிரிந்து, கடைசியில் மேட்டு லயத்தில் தூங்கும் ஒரு குடும்பத்தின் கதவைத் தட்ட வேண்டும். இதுவும் பரம்பல் முறைமைதான். இதை யாராவது வரைந்து, சரிபார்த்திருக்கிறார்களா?

உயர்தர வகுப்புப் பிள்ளைகளோடு கரும்பலகையில் வட்டம் போட்டு வரைந்தோம். ஒரு மணி நேரத்துக்குள் நான்கு ஓட்டை கண்டார்கள். எந்தக் கட்டத்திலும் "கிடைத்தது" என்ற பதில் திரும்பிப் போவதில்லை, அனுப்பியவர் கிடைத்தது என்று நம்புகிறார். இரவில் மின்சாரம் போனால் கோபுரமும் ஒலிபெருக்கியும் ஒன்றாகப் போகும், ஆகவே இரண்டு வழி இருப்பதாக நாம் நினைப்பது உண்மையில் ஒரு வழி. பள்ளிவாசல் உறுதிப்படுத்தலுக்காகத் தோட்டத்தைக் கேட்க, தோட்டம் கிராம உத்தியோகத்தரைக் கேட்க, அவர் பள்ளிவாசலில் ஏற்கனவே அறிவித்திருப்பார்கள் என்று இருந்தால், டீப் ஸ்பேஸ் போல எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கலாம். நான்காவதை ஒரு மாணவி கண்டாள். நேற்றைய "வீடு திரும்பலாம்" என்ற வட்ஸ்அப் செய்தி, இன்றைய "வெளியேறு" செய்திக்குப் பிறகு யாரோ பகிர்ந்து வந்து சேர்ந்தால் என்ன நடக்கும்? வலையமைப்பில் செய்தி அனுப்பிய ஒழுங்கில் வராது என்பது பாடப்புத்தகத்தில் உள்ள விடயம். அவள் அதை லயத்துக்குள் கொண்டுபோய்ப் பார்த்தாள். ஒவ்வொரு அறிவித்தலிலும் திகதி, நேரம், தொடர் இலக்கம் போட வேண்டும், சிறிய இலக்கம் பிறகு வந்தால் புறக்கணிக்க வேண்டும் என்று அவளே தீர்வும் சொன்னாள். லம்போர்ட் 1978இல் எழுதிய கட்டுரையின் சாரம் இதற்கு மிகவும் பக்கத்தில் நிற்கிறது என்று சொன்னேன், நம்பவில்லை.

ஐந்தாவதாக நான் ஒன்றைச் சேர்த்தேன். செய்தி போய்ச் சேர்ந்தும் விளங்காமல் போகலாம். சிங்களத்தில் வரும் குறுஞ்செய்தி, தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த தோட்டத்து அம்மாவின் கையில் கிடைப்பது கிடைத்ததாகக் கணக்கா? எங்கள் படத்தில் அதற்குத் தனி வட்டம் போட்டிருக்கிறோம். "கிடைத்தது" ஒரு வட்டம், "விளங்கியது" இன்னொரு வட்டம்.

படத்தைப் புகைப்படமாகக் கீழே போட்டிருக்கிறேன். வலது ஓரத்தில் லயங்களுக்கான ஏழு வட்டங்கள் இருக்கின்றன. ஐந்துக்குப் பக்கத்தில், அந்த லயத்தில் கதவு தட்டப் பொறுப்பானவர் உண்டு என்று பிள்ளைகள் விசாரித்துச் சரி அடையாளம் போட்டுவிட்டார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து இரண்டு லயங்களும் இன்னும் வெறுமையாக இருக்கின்றன. அந்தப் பக்கத்தில் உறவினர் உள்ளவர்கள், இரவில் அழைத்தால் எடுக்கக்கூடிய ஒருவரைக் கேட்டு இன்பொக்ஸில் சொல்லுங்கள். பெயரையும் இலக்கத்தையும் பொதுவில் எழுத வேண்டாம். ஒக்டோபர் மழைக்கு முன் கிடைத்தால் நல்லது, இன்ஷா அல்லாஹ்.